ஆற்றில் கேட்ட சங்கு

போன ஞாயிற்றுக்கிழமை என்னைக் கேலி செய்தவர்கள் எல்லோரும் படிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். பீளமேட்டிலிருந்து வேன் பிடித்து, விடிவதற்குள் பவானி ஆற்றங்கரைப் பறவைக் காப்பிடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். நம் நடைப்பயிற்சிக் கூட்டத்தில் பாதிப் பேருக்கு முழங்கால் சரியில்லை, மீதிப் பேருக்குக் கண் சரியில்லை. ஆனாலும் ஆளுக்கொரு கேமராவோடு ஆற்றுப் பாறைகளில் இறங்கி, கார்த்திகைக் குளிரில் நடுங்கிக்கொண்டே, நாரை என்றும் கொக்கு என்றும் சண்டை போட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் மட்டும் மேட்டு வேம்படியில் உட்கார்ந்து உங்கள் செருப்புகளுக்கும் பிளாஸ்க்குகளுக்கும் காவல் இருந்தேன். 'கரைக் காவலர்' என்று பட்டமும் கொடுத்துவிட்டீர்கள்.

மூட்டுவலி என்று நான் சொன்னது பொய். எனக்குப் பயம். ஆற்றுக்கு நடுவில் ஆட்கள் நிற்பதைப் பார்த்தாலே பயம். நீங்கள் ஒவ்வொருவராகக் கரையேறும்வரை நான் தலைகளை எண்ணிக்கொண்டே இருந்தேன். அது ஏன் என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். அவ்வளவு குஷியாக இருந்தீர்கள், சொல்ல மனம் வரவில்லை.

நம்மில் பாதிப் பேர் ஒரே லைன் வீடுகளில் வளர்ந்தவர்கள். சங்கைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பேரப் பிள்ளைகள் யாராவது படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். ஷிப்ட் மாறும்போது ஆலையில் ஊதுகிற சைரனுக்குத்தான் சங்கு என்று பெயர். இப்போது கண்ணாடிக் கட்டடம் நிற்கிற இடத்தில் அப்போது எங்கள் நூற்பாலை. அதன் பின்னால் வரிசையாக வீடுகள். சங்குக்கு எழுந்து, சங்குக்கு அடுப்பு மூட்டி, சங்குக்குப் பிள்ளைகளைப் பள்ளிக்கு விரட்டிய கூட்டம் நம்முடையது. எங்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரம் நின்று வருடக்கணக்காகியும் யாரும் அதற்குச் சாவி கொடுக்கவில்லை. தேவைப்படவில்லை.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது ஒரு ஆடி மாதம் சங்கு நின்றது. கூலித் தகராறு. எங்கள் ஆலை மூடியது, பிறகு பக்கத்து ஆலை, பிறகு ஜில்லாவில் இருந்த ஆலைகள் எல்லாமே. நினைவிருக்கிறதா, அந்த முதல் நாள் காலை? வெயில் ஏறிய பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. எழுந்தவர்கள் வாசலில் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊரில் ஏதோ சாவு விழுந்துவிட்டது என்றே நான் நினைத்தேன்.

ஐப்பசி பிறந்ததும் அத்தை வந்தார். அப்பாவின் அக்கா. கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில், அதே பவானி ஆற்றை ஒட்டிய தோட்டத்து வீட்டில் இருந்தவர். காந்திபுரத்தில் பஸ் இறங்கி, வாழைத்தார் ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டே லைன் வீடு வரைக்கும் வந்துவிட்டார்.

"மில்லுத் தொறக்கற வரைக்கும் எங்கூட்டுல வந்து இருங்க தம்பி. இங்க உக்காந்து செவுத்தப் பாத்து என்ன பண்ணப் போறீங்க?" என்று அப்பாவிடம் சொன்னார்.

அப்படித்தான் அந்த மழைக்காலத்தை நாங்கள் ஆற்றங்கரையில் கழித்தோம். அம்மா மஞ்சள் காட்டில் களை எடுக்கப் போனார். அப்பாவுக்குத்தான் எந்த வேலையும் பொருந்தவில்லை. வாழைக்குப் பக்கக்கன்று அறுக்கச் சொன்னால், நிற்க வேண்டிய கன்றை அறுத்துவிட்டு, அறுக்க வேண்டியதை நிற்க வைத்தார். அதற்குப் பிறகு அத்தை அவர் கையில் அரிவாளைக் கொடுக்கவில்லை. "நீங்க கொழந்தைகளப் பாத்துக்குங்க தம்பி, அதே போதும்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அப்பாவின் முகம் சுருங்கிப்போனதை இப்போது நினைத்தால்தான் எனக்குப் புரிகிறது.

அப்பாவிடம் ஒரு பைனாகுலர் இருந்தது. உக்கடத்துப் பழைய சாமான் கடையில் வாங்கியது. வலது கண்ணாடியில் மயிரிழை போல ஒரு விரிசல். தோல் உறையில் பூஞ்சைக் காளான் வாசமும், அம்மா உள்ளே போட்டு வைத்த பாச்சா உருண்டை வாசமும் கலந்து அடிக்கும். இரவு ஷிப்ட் முடிந்து வந்தால் தூங்காமல், அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சிங்காநல்லூர்க் குளத்துக்குப் பறவை பார்க்கப் போய்விடுவார். லைனில் மற்ற ஆண்களுக்குச் சீட்டாட்டம், இவருக்குக் குருவி.

அவருக்குக் காது பாதி போயிருந்தது. நூற்பு இயந்திரங்களின் நடுவில் அத்தனை வருடம் நின்றால் யாருக்கும் போகும். "காதுக்குள்ளயே மில்லு ஓடுது கண்ணு" என்பார். பறவைகளைப் பார்க்க அவரால் முடியும், கேட்க முடியாது. அதனால் கேட்பது என் வேலை. எங்காவது ஒரு குரல் கேட்டால் நான் அவர் சட்டையின் ஓரத்தை இழுப்பேன். அவர் குனிந்து, "எந்தப் பக்கம்?" என்பார். நான் கையைக் காட்டுவேன். பைனாகுலர் அந்தப் பக்கம் திரும்பும். எங்களுக்குள் அவ்வளவுதான் பேச்சு. எனக்கு அதில் இருந்த பெருமைக்கு அளவே இல்லை.

ஆற்றங்கரையில் வனத்துறைப் பலகை ஒன்று நட்டிருந்தது, இங்கே பறவைகளைச் சுடக்கூடாது என்று. காவலுக்கு ஒரு வாட்சர், காக்கி டவுசரும் சிவப்புத் துண்டுமாக. தினமும் விடிகாலையில் அப்பா என்னையும் என் தம்பியையும் கூட்டிக்கொண்டு அங்கே போனார். தம்பிக்கு நாலு வயது. அத்தை எடுத்துக் கொடுத்த சிவப்பு ரப்பர் செருப்பை அவன் தூங்கும்போதுகூடக் கழற்ற மாட்டான். வாலாட்டிகள் வந்திருந்தன. பாம்புத்தாரா இறக்கையை விரித்து வெயில் காயும். ஆட்காட்டிகள் எங்களைக் கண்டதும் ஊரைக் கூட்டும். ஆனால் அப்பா காத்திருந்தது விராலடிப்பானுக்கு. குளிர் தேசத்திலிருந்து வந்து ஆற்று மீனைக் காலால் அடித்துத் தூக்கிக்கொண்டு போகும் பெரிய பருந்து அது. ஒருமுறை சிங்காநல்லூரில் பார்த்தாராம், யாரும் நம்பவில்லையாம்.

இன்னொன்றையும் அவர் தினமும் பார்த்தார். ஆற்றின் அக்கரையில், தென்னந்தோப்புக்கு மேலே, ஒரு நூற்பாலையின் புகைபோக்கி தெரியும். அதுவும் மூடிக்கிடந்த ஆலைதான். பறவைகளைப் பார்த்து முடித்ததும் பைனாகுலர் அந்தப் பக்கம் திரும்பி அங்கேயே நின்றுவிடும். அந்த ஆலை திறந்தால் எல்லா ஆலைகளும் திறந்த மாதிரி என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இனி அந்தக் காலையைப் பற்றி. சிரிக்காமல் படியுங்கள்.

பனி கலையாத நேரம். ஆற்றின் நடுவில், பட்டுப்போன மரக்கிளை ஒன்று பாறைகளில் சிக்கி நின்றது. அதன் உச்சியில் விராலடிப்பான் உட்கார்ந்திருந்தது. அப்பா பைனாகுலரைத் தூக்கினார். "வந்துருச்சு கண்ணு, வந்துருச்சு" என்றார். கரையிலிருந்து பார்த்தால் அவருக்குப் போதவில்லை. ஆற்றில் தண்ணீர் குறைவு. கரைக்கும் நடுப்பாறைத் திட்டுக்கும் இடையில் ஒரு சிறு ஓட்டம், என் முழங்கால் அளவுதான். தம்பியைத் தோளில் வைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு கடந்தார். திட்டில் ஏறியதும் தம்பி தன் செருப்பைக் கழற்றிப் பாறை விளிம்பில் ஜோடியாக வைத்தான். வீட்டுக்குள் நுழைகிற மாதிரி. அப்பா சத்தமில்லாமல் சிரித்தார்.

பருந்து எங்களைப் பார்த்தது. நாங்கள் அதைப் பார்த்தோம். அப்போது சங்கு ஊதியது.

நீளமாக, அடிவயிற்றிலிருந்து வருகிற குரல். நம் ஆலைச் சங்கின் அதே குரல். அப்பாவின் காதுக்குக்கூட அது கேட்டது. நின்றது. மறுபடி ஊதியது. நின்றது. மூன்றாம் முறையும் ஊதியது.

அப்பா பைனாகுலரை இறக்கினார். அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. கண் நிறைந்து வழிந்தது.

"தொறந்துட்டாங்க" என்றார். "மூணு தரம் ஊதறாங்க பாரு. சந்தோசத்துல ஊதறாங்க. கண்ணு, மில்லுத் தொறந்துட்டாங்க!"

தம்பியைத் தூக்கிச் சுற்றினார். என் தலையில் முத்தம் கொடுத்தார். பருந்து பறந்துபோனதை அவர் கவனிக்கவே இல்லை. பைனாகுலரை அக்கரைப் புகைபோக்கிப் பக்கம் திருப்பி, புகை வருகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றார். ஆற்றின் மேல்திசைக்கு அவர் முதுகைக் காட்டியிருந்தார்.

எனக்குத்தான் முதலில் கேட்டது. தூரத்தில் பஸ் ஒன்று மேட்டில் ஏறுகிற மாதிரி ஒரு உறுமல். ஆனால் அந்தப் பக்கம் ரோடு கிடையாது. நான் சட்டையை இழுத்தேன். அப்பா சந்தோஷமாகக் குனிந்தார்.

"எந்தப் பக்கம் கண்ணு?"

ஆறு வளைந்து வருகிற திசையைக் காட்டினேன். பைனாகுலர் திரும்பியது. வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து கொக்குகளும் ஆட்காட்டிகளும் நீர்க்காகங்களும் மொத்தமாகக் கிளம்பி எங்கள் தலைக்கு மேலே போயின.

"அட அட அட! இன்னைக்கு என்ன, எல்லாம் ஒரேடியாக் கெளம்புது! நல்ல காது அம்மணி உனக்கு!"

நான் மறுபடி இழுத்தேன். "அப்பா, தண்ணிச் சத்தமுங்கப்பா!" என்று கத்தினேன். அவருக்கு விழுந்ததா என்று தெரியவில்லை. சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். எனக்குக் கேட்கிறது, அவருக்குக் கேட்கவில்லை, கேட்டதை அவருக்குப் புரியவைக்க எங்களிடம் சட்டையை இழுப்பதைத் தவிர வேறு வழி இல்லை. இழுத்தால் பறவை என்றுதான் அர்த்தம். நான் இழுத்துக்கொண்டே இருந்தேன். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கரையில் வாட்சர் ஓடி வந்தார். சிவப்புத் துண்டைத் தலைக்கு மேலே சுழற்றினார். வாய் திறந்து மூடியது, என்ன சொல்கிறார் என்று எனக்குமே கேட்கவில்லை. அப்பா அவரைப் பார்த்தார். தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து, பதிலுக்கு அவரும் சுழற்றினார். சங்கு கேட்ட சந்தோஷத்தில் அந்த மனிதரும் ஆடுகிறார் என்று நினைத்துவிட்டார். இரண்டு ஆண்கள் அந்த ஓட்டத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று துண்டைச் சுழற்றினார்கள். இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வராத ஒரு வேடிக்கை உண்டென்றால் அதுதான்.

தம்பிதான் அழுதான். "எஞ் செருப்பு!"

சிவப்புச் செருப்பில் ஒன்று விளிம்பிலிருந்து எழும்பி, கறுத்த தண்ணீரில் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. அப்பா செருப்பைப் பார்த்தார். விளிம்பைப் பார்த்தார். செருப்பு வைத்த இடத்தில் பாறையே இல்லை. மேலே திரும்பினார். வளைவில் ஆறு நிறம் மாறி, நுரையும் சுள்ளியுமாக வந்துகொண்டிருந்தது. அவர் கையிலிருந்து துண்டு நழுவியது.

இரண்டு பேரையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார். இரண்டு எட்டு வைத்ததும் கால் வழுக்கித் திரும்ப ஏறினார். ஒரு கை ஊன்றிக்கொள்ள வேண்டும். ஒருவரைத்தான் கொண்டுபோக முடியும். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை.

"கண்ணு, நீ பெரிய புள்ள. இங்கயே நில்லு. இதா வந்துர்றேன்."

பிறகு, ஏனென்று அவருக்கே தெரிந்திருக்காது, பைனாகுலரைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினார். "நனையாம வெச்சுக்கோ" என்றார். தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

நான் திட்டின் உச்சியில் நின்றேன். நனையாமல் வைத்துக்கொள்ளச் சொன்னாரே, அதனால் பைனாகுலரை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். தண்ணீர் பாதத்தைத் தொட்டபோது ஐஸ் மாதிரி இருந்தது. கணுக்காலுக்கு ஏறியது. என் காலைச் சுற்றி இலையும் நுரையும் நின்று நின்று போயின. அப்பாவின் தலையும் அதற்கு மேலே தம்பியின் தலையும் மட்டும் தெரிந்தன, அப்புறம் தம்பியின் தலை மட்டும், அப்புறம் இரண்டும். நான் கத்தவில்லை. அப்பாவுக்குக் கேட்காது என்று எனக்குத் தெரியும். கத்தியும் கேட்காவிட்டால் என்ன செய்வது என்ற பயம், தண்ணீர்ப் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. இனி வரமாட்டார் என்று நினைத்தேன். பெரிய பிள்ளை என்று சொல்லிவிட்டாரே, பெரிய பிள்ளைகளை விட்டுவிடுவார்கள் போல என்று நினைத்தேன்.

தண்ணீர் முழங்காலுக்கு வந்தபோது என் கால் நடுக்கம் நின்றுவிட்டது. அது இன்னும் பயமாக இருந்தது.

கரையில் வாட்சர் தம்பியை வாங்கிக்கொண்டு, மறு கையால் அப்பாவைப் பிடித்து இழுப்பது தெரிந்தது. அப்பா அவரைத் தள்ளினார். வாட்சர் பரிசல் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, அப்பாவின் இடுப்பில் கட்டி, மறுமுனையைக் கரையில் நின்ற வேம்பில் சுற்றினார். அப்பா தண்ணீரில் விழுந்தார். நீந்தினார் என்று சொல்ல முடியாது, அவருக்கு நீச்சல் தெரியாது. ஆற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டே வந்தார். என் இடுப்பைப் பிடித்தபோது அவர் நகம் என் தோலில் இறங்கியது. நான் அப்போதும் கையைத் தலைக்கு மேலேயே வைத்திருந்தேன்.

"நனையல அப்பா" என்றேன்.

அப்பா அதைப் பிடுங்கி ஆற்றில் எறிந்தார்.

பிறகு மூக்கிலும் வாயிலும் தண்ணீர். அதற்கப்புறம் நாணல். அதற்கப்புறம் வாட்சரின் கை.

கரையில் நாங்கள் சேற்றில் கிடந்தோம். தம்பி ஒற்றைச் செருப்பைக்கூடக் காணோம் என்று அழுதுகொண்டிருந்தான். அன்று வந்தது பெரிய வெள்ளம் ஒன்றுமில்லை. மேலே கதவணையில் மழைத்தண்ணீர் சேர்ந்தால் திறந்துவிடுவார்கள், திறப்பதற்கு முன்பு மூன்று தரம் சங்கு ஊதுவார்கள். நாங்கள் வந்த பிறகு அதுதான் முதல் தரம். வாட்சர் மூச்சு வாங்கிக்கொண்டே அப்பாவின் காதருகில் குனிந்து சத்தமாகக் கேட்டார்.

"ஏனுங்க, சங்கு ஊதுனது கேக்கலீங்களா?"

"கேட்டுச்சுங்க."

"கேட்டுமாங்க நின்னீங்க? ரெண்டு கொழந்தைகள வெச்சுக்கிட்டு?"

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "மில்லுத் தொறந்துட்டாங்கன்னு நெனச்சுப்போட்டேனுங்க."

வாட்சர் கயிற்றை அவிழ்த்துவிட்டு, தன் சிவப்புத் துண்டால் தம்பியின் தலையைத் துவட்டினார்.

வீட்டில் அத்தைதான் கத்தினார். "சங்கு ஊதுனா ஆத்துல நிக்கக் கூடாதுன்னு தெரியாதுங்களா தம்பி?"

"யாருங்கக்கா சொன்னா?"

"இதையெல்லாமா ஒருத்தர் சொல்லோணும்? கைக்கொழந்தைக்கும் தெரியுமே!"

அந்த ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும்தான். எங்கள் ஊரில் சங்குக்கு வேறு அர்த்தம் என்பதும் கைக்குழந்தைக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்க அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. அம்மா என் தலைமுடியைப் பிழிந்துகொண்டிருந்தார். அவர் அப்பாவை நாலு வார்த்தை திட்டியிருந்தால் அப்பாவுக்கு நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அப்பா அதற்குப் பிறகு ஆற்றுப் பக்கம் போகவில்லை. பைனாகுலரைப் பற்றிப் பேசவில்லை. வாய்க்காலில் கால் கழுவக்கூட எங்களைத் தனியே விடவில்லை.

தை மாதம் ஆலை திறந்தது. அந்த நாள் உங்களுக்கு நன்றாக நினைவிருக்கும். லைன் வீடுகளில் வாசலுக்கு வாசல் கோலம், மாவிலை. எல்லோரும் துவைத்த சட்டையோடு தெருவில் நின்று, சங்கு எப்போது ஊதும் என்று ஆலைக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பா கையில் டீ டம்ளர். ஆடியிலிருந்து அவர் காத்துக்கிடந்த சங்கு.

அது ஊதியது. தெருவே கை தட்டியது. அப்பாவின் டம்ளர் கீழே விழுந்தது. என்னை ஒரு கையிலும் தம்பியை ஒரு கையிலும் வாரிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து ஓடினார். தெருக்கோடியில் இருந்த தண்ணீர்த் தொட்டியின் படிகளில் ஏறி, மேலே போய் நின்றார். தெரு முழுக்கச் சிரித்தது. "ஏனுங்க, மில்லுச் சங்குங்க அது! எறங்கி வாங்க!" என்று அம்மா கீழே நின்று கெஞ்சினார். அதற்கப்புறம் அப்பாவுக்குத் தொட்டிக்காரர் என்று பெயரே வந்துவிட்டது. நீங்களும் அன்று சிரித்தீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை, உங்களுக்குத் தெரியாது.

சங்கு ஓய்ந்த பிறகும் அப்பா எங்களை இறக்கிவிடவில்லை. கேட்டைத் திறந்துவிட்டார்கள், ஆட்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். அவருடைய மார்பு என் விலாவில் திடுதிடுவென்று இடித்தது. என் காதருகில் வாயை வைத்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டார்.

"கண்ணு, தண்ணிச் சத்தம் கேக்குதா?"

"இல்லீங்கப்பா" என்று அவர் காதில் சொன்னேன்.

"நல்லாக் கேளு."

நான் கண்ணை மூடிக்கொண்டு நன்றாகக் கேட்டேன். ஆலைக்குள்ளிருந்து இயந்திரங்கள் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்திருந்தன.

"இல்லீங்கப்பா. மில்லுத்தான் ஓடுது."

அதற்குப் பிறகுதான் எங்களைக் கீழே விட்டார்.